பெரிய ஜூம் கேட்ட ஆலேன்

முல்லா வீதி நஸ்லின் யாரையும் சட்டென்று நம்பிவிடுகிறவள் இல்லை. தொழில் அவளை அப்படி ஆக்கியிருந்தது. புதுச்சேரியில் கல்யாண வீடியோ எடுத்துப் பழகி, பிறகு சென்னையில் சில வருடங்கள் சினிமா கேமரா உதவியாளராக இருந்தாள். வாடகைக்கு வரும் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பாள். "இப்பதான் சர்வீஸ் பண்ணது" என்று யாராவது சொன்னால் இன்னொரு தரம் பார்ப்பாள். ஊர் திரும்பி, படம்பிடிக்க வரும் வெளியூர் யூனிட்டுகளுக்கு வேலை செய்துகொண்டிருந்தவளைத் தேடி 2007ஆம் வருடம், ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஆலேன் வந்தார்.

ஆலேன் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற புதுச்சேரித் தமிழர். லபோர்தொனே வீதியில் தனியாக இருந்தார். வீராம்பட்டினம் ஆடித் தேரைப் பற்றி ஒரு டாக்குமெந்தேர், அதாவது ஆவணப்படம், எடுக்கப்போவதாகச் சொன்னார்.

"வீடியோவுலயே நல்லா எடுக்கலாம் மொசியே. வேலையும் சுளுவு" என்று பிரெஞ்சு முறையில் மரியாதையாக அழைத்துச் சொன்னாள் நஸ்லின்.

"வேணாம்மா. ஃபிலிம்தான். வீடியோன்னா கம்ப்யூட்டர்ல மாத்திட்டான்னு சொல்லுவாங்க. ஃபிலிம்ல அப்படிச் சொல்ல முடியாதில்ல?"

தேரை யார் எதற்கு மாற்றப்போகிறார்கள் என்று கேட்க நினைத்தாள். ஆனால் ஃபிலிம் கேமராவைத் தொட்டு ரொம்ப நாளாகியிருந்தது. ஆசை வாயைக் கட்டிவிட்டது.

இருவரும் சென்னைக்குப் போய் ஒரு வாடகைக் கம்பெனியில் சூப்பர் சிக்ஸ்டீன் ஃபிலிம் கேமரா ஒன்றைப் பேசி முடித்தார்கள். லென்ஸில்தான் தகராறு வந்தது. மேஜைமேல் இரண்டு ஜூம் லென்ஸ்கள் இருந்தன. சின்னது கைக்கு அடக்கமானது. கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு வடம் பிடிக்கிறவர்களுக்கு நடுவிலேயே நடக்கலாம். பெரியது ஆறு கிலோவுக்குக் குறையாது. தெருக்கோடியில் நிற்கிறவர் முகத்தை எதிரில் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

"தேருக்குச் சின்னதுதான் சரி. கூட்டத்துக்குள்ள போகணும்" என்றாள் நஸ்லின்.

"பெரிசு எவ்வளவு தூரத்துக்கு முகம் காட்டும்?"

"ஒரு தெரு நீளத்துக்குக் காட்டும். ஆனா அதைச் சும்மா மாட்ட முடியாது. லென்ஸ் பூட்டுற வளையம் இந்தப் பாரத்தைத் தாங்காது. மூக்கு தொங்கிடுச்சின்னா ஒரு பக்கம் பளிச்சுன்னும் ஒரு பக்கம் மங்கலாவும் விழும். அடியில ரெண்டு கம்பி போட்டு அதுமேல சப்போர்ட் குடுக்கணும். ட்ரைபாடும் கனமா வேணும். ஒரு இடத்துல வெச்சா வெச்சதுதான்."

"ஒரே இடம்தான். மாடி பாத்து வெச்சிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எடுக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"ஜனங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஆலேன் பெட்டியைப் பார்க்கத் திரும்பினார்.

அவள் விடவில்லை. பெரியதோடு சின்னதையும் எடுத்தால்தான் வருவேன் என்றாள். அவர் ஒத்துக்கொண்டார்.

தேரன்று காலை அந்த மாடிக்குப் போனதுமே அவளுக்கு உறுத்தியது. தேரோடும் வீதி அங்கிருந்து ஓரமாக, பாதிதான் தெரிந்தது. நேர் எதிரே தெரிந்தது ஒரு குறுக்குத் தெரு. இருந்தாலும் கம்பிகளைச் செருகி, லென்ஸைப் பூட்டி, சப்போர்ட்டை மெல்ல உயர்த்தினாள். முட்டு லென்ஸைத் தொட வேண்டும், தூக்கிவிடக் கூடாது. கடைசிவரை ஜூம் செய்து ஒரு விளக்குக் கம்பத்தில் ஃபோகஸ் வைத்தாள். அப்படியே விரித்துப் பார்த்தாள். நான்கு மூலையும் ஒன்றுபோல் இருந்தன. திருகை இறுக்கினாள்.

"அந்த நீலக் கதவுக்குத் திருப்பு" என்றார் ஆலேன்.

திருப்பினாள். வாசலில் ஐம்பது வயதுக்கார அம்மாள் ஒருத்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து பனியன் போட்ட ஆள் ஒருவர் வந்து அவளிடம் டம்ளரை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டாள்.

"ஓட்டு. அந்த ஆளும் விழணும். கதவு நம்பர் தெரியுதா?"

நஸ்லின் பொத்தானை அழுத்தினாள். கேமரா ஓடியது.

"ஃபிலிம்ல தேதி விழுமா?"

மேளச் சத்தம் நெருங்கியது. தேர் வீதிமுனைக்கு வந்துவிட்டது. மாடியில் நின்ற மற்றவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தேர்ப்படம் எடுக்க வந்த ஆலேன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நஸ்லின் கேமராவை நிறுத்தினாள்.

"அவங்க யாரு மொசியே?"

"உனக்கெதுக்கு? எடு."

"யாருன்னு தெரியாம எடுக்க மாட்டேன்."

ஆலேனுக்கு முகம் சிவந்தது. "அவ பேரு மர்த். செத்துப்போன எங்கண்ணன் மிக்காயேல் பொண்டாட்டி. அவன் பிரெஞ்சு ராணுவத்துல ரத்தம் சிந்தி வாங்கின பென்சியோன். இவ இங்க வந்து கோவிந்தராசுன்னு ஒருத்தன்கூடக் குடும்பம் நடத்துறா. நானே பென்சியோன் ஆபீசுல சொன்னா பொறாமைல சொல்றான்றாங்க. படத்தைப் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

புதுச்சேரியில் பிறந்தவளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. விதவை இன்னொருவரோடு வாழ்கிறாள் என்று நிரூபணமானால் பென்சியோன் நின்றுபோகும். மர்த் செய்வது சரியா தப்பா என்று நஸ்லினுக்குத் தெரியவில்லை. சட்டத்தைக் கேட்டால் ஆலேன் பக்கம்தான் பேசும் என்றும் தோன்றியது. ஆனால் மாடியிலிருந்து ஒருத்தி டீ குடிப்பதைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கத் தன் கண்ணைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

சப்போர்ட்டைத் தளர்த்தினாள். ஒரு கையால் லென்ஸைத் தாங்கிக்கொண்டு கழற்றிப் பெட்டியில் வைத்தாள். சின்ன ஜூமை மாட்டினாள்.

"இதுல எடுக்கலாம். ஆனா அவங்க வாசலுக்குப் போகணும். நீங்க கூட வந்து, எடுக்கட்டுமான்னு அவங்களக் கேளுங்க."

"வெளையாடுறியா? எடுத்த வரைக்கும் போதும். ரோலைக் குடு."

அவர் கை நீட்டிக்கொண்டு நின்றார். நஸ்லின் ஃபிலிம் இருந்த மேகஸினைக் கழற்றினாள். கொடுக்கத்தான் போகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவள் அதன் மூடியை வெயிலில் திறந்து, சுருளை விரலால் இழுத்து வெளியே விட்டாள்.

ஆலேன் பிரெஞ்சில் ஏதோ கத்தினார். பிறகு தமிழில், "இந்த ஊருல இனி உன்னை எவன் கூப்பிடுறான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நஸ்லின் நீலக் கதவுக்குப் போனாள். நடந்ததைச் சொல்லி எச்சரித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். பாதி கேட்டதும் மர்த் எழுந்துவிட்டாள்.

"உன்னை யாரு அனுப்பிச்சா? அவன்தானே? நான் என்ன சொல்றேன்னு கேட்டுட்டு வரச் சொன்னானா?"

"இல்லக்கா, நான்தான் ரோலை..."

"அவரு இங்க மோட்டாரு ரிப்பேரு பாக்க வந்தவரு. போய்ச் சொல்லு." கதவு சாத்திக்கொண்டது.

ஆலேன் சொன்னதைச் செய்தார். மேகஸினைத் திறந்து ஃபிலிமை வீணாக்கியவள் என்ற பேச்சு சென்னை வரைக்கும் போயிற்று. அது பொய்யில்லை என்பதால் நஸ்லினால் மறுக்கவும் முடியவில்லை. காரணத்தைச் சொன்னால் மர்த் மாட்டிக்கொள்வாள். அந்த வருடம் ஒரு யூனிட்டும் அவளைக் கூப்பிடவில்லை. மறுபடியும் கல்யாண வீடியோவுக்குப் போனாள். மண்டபத்தில் யாராவது மூலையில் நின்று பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தோன்றும்.

மழைக்காலம் தொடங்கியபின் ஒருநாள் மர்த் முல்லா வீதிக்கே வந்தாள். கோவிந்தராசு தெருவில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ நெசமாவே ஃபிலிமை அழிச்சிட்டன்னு ஊருல சொல்றாங்க. எங்க, காட்டு."

ஆலேன் போலீசுக்குப் போனால் காட்ட உதவும் என்று நஸ்லின் அந்தச் சுருளைப் பையில் போட்டு வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். மர்த் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து முழம் முழமாகப் பார்த்தாள்.

"என் முகம் எங்க?"

"இதுல எதுவும் இல்லக்கா. வெயில் பட்டுடுச்சி. கழுவினாலும் ஒண்ணும் வராது."

"ஒண்ணும் இல்லன்னு நான் எப்படி நம்புறது?"

மர்த் இடத்தில் தான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்போம் என்று நஸ்லின் நினைத்துக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போங்கக்கா. உங்க கையாலயே கொளுத்திடுங்க."

மர்த் சுருளைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டாள். வாசல்வரை போய் நின்று, அறையில் இருந்த கல்யாண வீடியோ கேமராவை ஒருமுறை பார்த்தாள். அதன் லென்ஸ் மூடி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினாள்.