மீன்கொத்திப் பக்கம்

தேயிலைத் தோட்டத்துக் காப்பிக் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் என் தபால்தலை ஆல்பம் மீன்கொத்திப் பக்கத்தில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: 'துரை வீட்டுப் பிள்ளைகள் சேகரித்தது.'

துரை பங்களாக் குப்பையிலிருந்து அம்மா கொழுந்துக் கூடையில் போட்டுக் கொண்டுவந்த பறவைப் படப் புத்தகம் அது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனவள் நான். தொழிலாளர் லயன் வீடுகளில் எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குக் கடிதம் வந்தால் படித்துக் காட்டி, கூலியாகத் தபால்தலையை வாங்கிச் சோற்றுப் பசையால் ஒட்டி, மலைப்பனியில் காயாத பக்கங்களை அடுப்போரம் விரித்து வைப்பேன். புத்தகமே புகையும் புளித்த சோறுமாக மணக்கும். நாடு பார்த்து அடுக்கத் தெரியாமல் வீட்டுக்கு ஒரு பறவைப் பக்கம் என்று ஒதுக்கினேன். எங்கள் ஏழாம் வீட்டுக்கு மீன்கொத்தி. லயனை இடித்த வாரம் ஆல்பம் தொலைந்துபோனது.

"இது என்னுது," என்றேன்.

கடைப் பெண் சிரித்தாள். "துரை வீட்டுதுலா, அக்கா. அட்டையில போட்டிருக்கே."

"துரை பிள்ளைங்க தமிழ்லயா எழுதுவாங்க? மீன்கொத்திக்குக் கீழ படி."

அவள் குனிந்து படித்தாள். "ஏழாம் வீடு. அப்பாவுக்கு வந்தது. படித்துக் காட்டியது செல்வி, மூன்றாம் ஆண்டு."

"அந்தச் செல்வி நான்தான்," என்றேன்.

அவள் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனா கேட்டேன்.