அப்பா அணைத்த சூடம்

மூடுபனி இறங்கிய காலைகளில் எங்கள் ஊருக்கு அம்மாவின் குரல்தான் முதலில் வரும், ஜீப் பிறகுதான் வரும். கொடைக்கானல் மலையில், வில்பட்டிக்கு அந்தப் பக்கம் சரிவில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஊர் எங்களுடையது. பேரைச் சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், நல்லது கெட்டதுக்கு நான் போய்வர வேண்டும். பூண்டுக் காட்டில் நிற்பவளுக்கு அடுத்த பாத்தியில் நிற்பவள்கூடத் தெரியாத அந்த வெள்ளைக்குள்ளிருந்து, "தாய்மார்களே" என்று கொஞ்சம் கரகரத்த ஒரு குரல் வளைவுக்கு வளைவு ஏறி வரும். ஜீப்பின் மேல் கட்டிய ஒலிபெருக்கியை ஊரில் "கொழா" என்பார்கள். கொழாச் சத்தம் கேட்டதும் பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு நிமிர்வார்கள். "பாண்டியம்மா வந்துட்டா, வாங்கடி" என்று யாராவது ஒருத்தி சொல்வாள். நான் அப்போது நாலாம் வகுப்பு. அது என் அம்மா என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தாலும் இன்னொரு தடவை சொல்லிக்கொள்வேன்.

அம்மா ஒரு கட்சியின் மகளிரணியில் இருந்தாள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எதைச் சொன்னாலும் கதை மாறப்போவதில்லை. வேட்பாளர் வருவதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைத் திரட்டுவதும், ஆரத்தித் தட்டுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வைப்பதும், அவர் வந்து சேரும்வரை மைக்கில் பேசிக் கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பதும் அவள் வேலை. வேட்பாளர் வந்து இறங்கியதும் மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். பெரிய தலைவர்கள் வந்தால் மேடை போடுவார்கள். அந்த மேடையில் அவளுக்கு நாற்காலி கிடையாது. எனக்கு அப்போது அது ஒரு குறையாகவே படவில்லை. அவளுக்குப் பட்டிருக்கும்.

ஜெயித்தவர்கள் மலை இறங்கிப் போய்விடுவார்கள். பிறகு பெண்கள் அம்மாவைத்தான் பிடிப்பார்கள். பிரசவ வலி கண்டவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடுகிற ஊர் அது. "நீதானடி வந்து ஓட்டுக் கேட்ட, ரோடு எங்கடி?" என்று தண்ணிக் குழாயடியில் வைத்து உரிமையோடு வைவார்கள். அம்மா சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் குமுறுவாள். "கேக்குறதெல்லாம் என்னையத்தேன் கேக்குறாளுக. செய்யிற எடத்துல நான் இருக்கனா? ஒரு தடவையாச்சும் அந்த எடத்துல ஒக்காந்து பாக்கணும்ங்க." அப்பா பூண்டுத் தாளை அறுத்தபடி, "ஒக்காரு, யாரு வேணாங்கிறா" என்பார். அதிகம் பேசாத மனிதர். அம்மா மைக்கில் பேசும்போது கூட்டத்தின் கடைசியில் நின்று காதைச் சாய்த்துக் கேட்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் எங்கள் ஒன்றியக் கவுன்சிலர் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். கட்சியின் கிளைச் செயலாளர் எங்கள் ஊர்க்காரர்தான். அம்மா அவரை "அண்ணே" என்பாள். அவரே வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டு, "இந்த வாட்டி வேற பேச்சே இல்ல, பாண்டியம்மாதேன்" என்று சொல்லிப் போனார். அம்மா அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். வேட்பாளர் பட்டியல் வந்தபோது அதில் இருந்தது செயலாளரின் மனைவி ஈஸ்வரி அத்தையின் பெயர். அத்தை பாவம், கூட்டம் என்றால் எந்தப் பக்கம் உட்காருவது என்றுகூடத் தெரியாது. மறுநாளே எங்கள் அடுப்படிக்கு வந்து அழுதாள். "எனக்கு எதுக்கு பாண்டி இதெல்லாம்? அவுக கையெழுத்துப் போடுன்னாக, போட்டேன்." அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். சாயங்காலம் செயலாளர் வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி, "நாளைக்கு வெள்ளனே ஜீப் வந்துரும், மைக்குக்கு நீ வந்துரு தாயி" என்றார். அம்மா, "மைக்க ஒங்க வீட்டம்மாகிட்டயே குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் சுயேச்சையாக மனுப் போட்டாள். சின்னமாகச் சீப்புக் கிடைத்தது. முதலில் ஊரே சிரித்தது. ஆனால் அம்மா விடுகிற ஆளா? கொண்டையில் ஒரு சீப்பைச் செருகிக்கொண்டு காடு காடாக நடந்தாள். ஜீப்பும் இல்லை, கொழாவும் இல்லை, தொண்டை மட்டும்தான். "ஒங்க வீட்டுல எல்லார் கையிலயும் இருக்க சாமான்டி, மறந்துறாதீக" என்று சொன்னால் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பின்னாலேயே நடக்கவும் ஆரம்பித்தார்கள். மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து, "நீங்க வந்தாப் போதும்க்கா" என்று சொல்லிப் போனார்கள். இவள் ஜெயித்துவிடுவாள் என்று செயலாளருக்குப் புரிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு பேச்சுக் கிளம்பியது. கட்சி ஜீப்பை ஓட்டிய ராசு, அம்மாவை "அக்கா" என்று கூப்பிடுகிற பையன், அவனோடு சேர்த்துப் பேசினார்கள். கூட்டம் முடிந்து நேரம் கழித்து வந்த நாட்களையெல்லாம் தோண்டி எடுத்தார்கள். அந்த ஜீப்பில் எப்போதும் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பயல் என்னிடம் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அதன் அர்த்தம் எனக்கு அன்று தெரியாது. சொன்ன விதத்திலிருந்தே கெட்டது என்று தெரிந்துவிட்டது. யார் கிளப்பியது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

ஓட்டுப் பதிவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கோயிலுக்கு முன்னால் இருக்கிற மந்தைத் திடலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதில் ஆண்கள் உட்காருவார்கள், பெண்கள் சுற்றி நிற்பார்கள். எங்கள் பக்கம் ஒருவர் மேல் பழி வந்தால் அங்கே கிடக்கிற கல்லின் மேல் சூடம் கொளுத்துவார்கள். பழி பொய் என்றால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியம் பொய்யானாலோ அதை மீறினாலோ செய்தவர் உயிர் தங்காது என்று ஊர் முழுக்க நம்பியது. பெரிய வீட்டுக்காரர் ஒருவர் பேச்சைத் தொடங்கினார். "ஊருக்குள்ள ஒரு பேச்சுக் கெடக்கு பாண்டியம்மா. பொய்யின்னா நீ சூடத்த அணைச்சுட்டு வெரசாப் போயி ஒஞ்சோலியப் பாரு. யாரு கேக்கப் போறா?" சொல்லி முடிப்பதற்குள் கல்லின் மேல் சூடம் எரிந்துகொண்டிருந்தது. செயலாளர் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நல்லவர் மாதிரி.

அம்மா நகரவில்லை. "இந்த மந்தைக்கு ஓட்டுக் கேட்டு எத்தன ஆம்பளைக வந்துருக்காக. எவரையாச்சும் சூடத்த அணைச்சுட்டுக் கேளுன்னு சொல்லிருக்கீகளா? நான் அணைக்க மாட்டேன். இன்னிக்கு இதுக்கு அணைச்சா நாளைக்கு இன்னொன்னுக்குக் கொளுத்துவீக." ஆண்கள் பக்கம் சலசலத்தது. அம்மா பெண்கள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நீங்கதான என்கூட ஜீப்புல வந்தீக. ஒருத்தியாவது சொல்லுங்கடி." நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன, எனக்குச் சோறு ஊட்டியவர்கள், பேன் பார்த்தவர்கள். ஒருத்தி தன் புருஷனைப் பார்த்தாள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் அப்பா எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேராகப் போய் எரிகிற சூடத்தின் மேல் கையை அறைந்தார். "எம் பொண்டாட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. இது சத்தியம்." அம்மா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அப்பா கையை எடுக்கவில்லை. "இனிமே அவ இந்த ஓட்டுச் சோலிக்கே வரமாட்டா. இதுவும் சத்தியம்" என்றார். கூட்டத்துக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்து போனார்கள். அப்பாவின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுக்கூட ஒருவர் போனார்.

வீட்டில் அப்பாவின் கையைத் தன் மடியில் வைத்து அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். உள்ளங்கை கொப்பளித்துக் கிடந்தது. தடவிக்கொண்டே, "மொதச் சத்தியம் போதாதா?" என்று கேட்டாள். "ஒன்னப் பேசுறத என்னால கேக்க முடியலடி. அதச் சொல்லலைன்னா விட்ருக்க மாட்டாய்ங்க" என்று சொல்லிவிட்டு அப்பா சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் அவளைக் காப்பாற்றத்தான் போனார். அது அம்மாவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை. மீறிக்கொண்டு தெருவில் இறங்கினால் அவர் உயிருக்கு ஆபத்து என்று அவர் மனசார நம்பினார், அம்மாவும் கொஞ்சம் நம்பினாள். அன்றிலிருந்து அவள் ஓட்டுக் கேட்கப் போகவில்லை.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நாள் முன்பே முடிந்திருந்தது. அதனால் ஓட்டுச்சீட்டில் அவள் பெயரும் சீப்பும் இருந்தன. வாசலைத் தாண்டாமல் இருந்த அவளுக்கு ஓட்டு விழுந்தது, எங்கள் ஊர்ப் பெட்டியில் ஈஸ்வரி அத்தையைவிட அதிகமாகவே விழுந்தது. மற்ற ஊர்களில் கொஞ்சத்தில் போய்விட்டது. ராசுதான் வந்து சொன்னான், வேலிக்கு வெளியே நின்றபடி, உள்ளே வராமல். "கடைசி நாலு நாள் நடந்திருந்தீகன்னா நீங்கதேன்க்கா." அம்மா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். தோற்றதைவிட அதுதான் அவளை முறித்தது. "பொட்டிக்குள்ள போட்டாளுகளே, அத மந்தையில ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?" என்று பல நாள் அடுப்பைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஈஸ்வரி அத்தை கவுன்சிலர் ஆனாள். கூட்டங்களுக்குச் செயலாளர் போனார். அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு அவர் மறுபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். "சத்தியமெல்லாம் நீ நிக்கக் கூடாதுங்கிறதுக்குத்தேன் தாயி. மைக்குல பேசுறதுக்கு இல்ல" என்றார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அம்மா கதவைச் சாத்தவில்லை, பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அப்பா அதற்குப் பிறகு ஓட்டே போட்டதில்லை, தேர்தல் அன்று விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார். வீட்டில் அம்மாவின் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. நான் கல்யாணமாகிப் போகும்போது அவள் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது.

அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. மந்தையில் இப்போது சிமெண்டுக் கல் பதித்து வண்டிகள் நிறுத்துகிறார்கள். யாரும் சூடம் கொளுத்துவதில்லை. கொளுத்த வேண்டியதும் இல்லை, ஒருத்தியைப் பற்றி ஏதாவது கிளப்ப வேண்டுமென்றால் வாட்ஸ்அப் இருக்கிறது, பதில் சொல்ல அங்கே ஒரு கல்கூடக் கிடையாது. பனிக்குள்ளிருந்து வருவதெல்லாம் பதிவு செய்த குரல். எங்கேயோ மதுரையில் காசு வாங்கிக்கொண்டு பேசிக் கொடுத்த குரல்.

கொடைக்கானல் டவுனில் நாங்கள் இருக்கும் வார்டு இந்தத் தடவை பெண்கள் வார்டு என்கிறார்கள். தண்ணீர் வரவில்லை, குப்பை எடுக்கவில்லை என்று தெருவுக்காக நகராட்சிக்கு நடக்கிறவள் நான். என் வீட்டுக்காரர் ஏரிச் சாலையில் சாக்லேட் கடை வைத்திருக்கிறார். என்னை நிறுத்தலாம் என்று கட்சியிலிருந்து போன் வந்தது. ஆசை இருந்தது, மறைப்பானேன். மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"போன் யாருக்கு வந்துச்சு?"

"அவருக்குத்தாம்மா."

"ஒன்கிட்ட ஒரு வார்த்த பேசலையா?"

"இல்லம்மா."

"அப்ப அவரத்தான நிக்கச் சொல்லிருக்காக. நீ எதுக்கு எங்கிட்டக் கேக்க வந்த?" என்றாள். கோபம் அடங்கியதும், "போ. நீயா அவுகளுக்குப் போனப் போடு. நாந்தேன் பேசுறேன்னு சொல்லு" என்று என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சந்தோஷமாகச் செல்போனை நீட்டினார். கட்சியிலிருந்து போஸ்டர் மாதிரி ஒன்று வந்திருந்தது. நடுவில் பெரிதாக அவர். ஓரத்தில் எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த நான், மாலையோடு, கை கூப்பியபடி. கும்பிடுகிற மாதிரி இருக்கிற படம் அது ஒன்றுதான் கிடைத்தது என்றார். சம்மதமா என்று என்னை இன்னும் யாரும் கேட்கவில்லை.