அறையில் ஆள் இல்லை

எங்கள் பண்ணையில் செடிகள் மூச்சு விட்டதே செட்டிங் அக்காவை நம்பித்தான். ஜன்னலே இல்லாத அறைகளில் ஸ்ட்ராபெர்ரி வளர்க்கிறோம். சூடு, ஈரம், வெளிச்சம் எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே சுவரில் இருக்கும் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். கன்ட்ரோலரை அக்கா பார்த்துக்கொள்வாள். வாய் கொஞ்சம் நீளம். "செடிக்கு ஏசி, நமக்கு வேர்வை" என்று மேனேஜர் காதுபடவே சொல்வாள். அவள் வீட்டுக்காரர் அறைக்குள் பழுத்த இலை கழிக்கிறவர், வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவாள்.

செடி மளமளவென்று வளர அறைக்குள் கார்பன் டை ஆக்சைடு விடுவார்கள். செடிக்கு அது சோறு. அளவு மீறினால் மனுஷனுக்கு எமன். அதனால் கதவு திறந்தால் கேஸ் தானாக நின்றுவிடும். நாங்களோ நாள் முழுக்கக் கதவைத் திறந்து திறந்து மூடுகிறவர்கள். கேஸ் நின்று நின்று வந்தது, காய் சிறுத்தது, மேனேஜர் குதித்தார். கடைசியில் கதவு சென்சார்மேல் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டினோம். அதன்பிறகு கதவு எப்போதும் மூடியே இருப்பதாகக் கன்ட்ரோலர் நம்பியது. கேஸ் அலாரம் ஒன்று இருந்தது. ஈரக் காற்றுக்கெல்லாம் கத்துகிறதென்று மேனேஜர் அதன் ஒயரைப் பிடுங்கிப் போட்டார். மனம் கேட்காமல் அக்காதான் உள் செட்டிங்கில் ஒரு பூட்டுப் போட்டாள்: வேலை நேரத்தில் கேஸ் வரவே கூடாது. அந்த ஒரு பூட்டை நம்பித்தான் அவள் வீட்டுக்காரர் உள்ளே போய்வந்தார்.

கன்ட்ரோலருக்குப் புது ஃபர்ம்வேர் வந்தது. "இன்னிக்கே போட்டுடுங்க" என்றார் மேனேஜர்.

"உள்ள ஆள் இருக்காங்க சார். வெளிய வந்துரட்டும்."

"வெறும் சாஃப்ட்வேர்தானேம்மா? செடியையா புடுங்கப் போறீங்க? வேலைய நிறுத்தாதீங்க."

என்ன நினைத்தாளோ, அன்றைக்கென்று பார்த்து அக்கா எதிர்த்துப் பேசவில்லை. அவள் பேசியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தினமும் அவளேதான் பேச வேண்டுமா?

பென் டிரைவைச் சொருகினாள். திரை அணைந்து, மறுபடி உயிர் வந்தது. பழைய அளவுகள் எல்லாம் அழிந்திருந்தன. சூடு, ஈரம், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள். உள் செட்டிங் மட்டும் திறக்காமல் புதுக் கடவுச்சொல் கேட்டது. கம்பெனிக்குப் போன் போட்டாள்; காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. எதிர் மேஜையில் நான் பழம் அடுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு வரி வந்தது: அறையில் ஆள் இல்லை.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியா, எங்க வீட்டுக்காரர ஆள் கணக்குலயே சேக்கல இது."

அடுத்த வரி வந்தது: கேஸ் திறக்கப்பட்டுள்ளது.

அவள் போட்ட பூட்டும் மற்றதோடு சேர்ந்து அழிந்திருந்தது. காந்தத்தை நம்பி, கதவு வெகுநேரமாகத் திறக்கவில்லை, அதனால் உள்ளே யாரும் இல்லை என்று புது ஃபர்ம்வேர் தானே முடிவு கட்டிக்கொண்டது. எப்போதிலிருந்து கேஸ் போகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். "சிலிண்டர மூடுடீ!" என்று அவள் கத்தியதும் கதவோரம் இருந்த கேஸ் சிலிண்டரின் வால்வை நான் திருகினேன். அவள் கதவை அகலத் திறந்தாள்.

இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவே அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு கையாக இழுத்து வெளியே போட்டோம். முகமெல்லாம் வேர்வை. நெஞ்சு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது.

"என்னங்க, இங்க பாருங்க. என்னைப் பாருங்க!" அக்கா கன்னத்தில் தட்டினாள். மெதுவாகக் கண்ணைத் திறந்தார். அவள் முகத்தையே பார்த்தார்.

"யாரும்மா நீங்க?" என்றார். "கதவ மூடுங்க. கேஸ் வீணாப் போகுது, மேனேஜர் திட்டுவாரு."

அவர் கையை ஊன்றி எழுந்து கதவுப் பக்கம் நகரப் பார்த்தார். அவள் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.