முக்தார் பாஸ் அடைத்த ஓட்டை

கழற்றிய நட்டைக் கீழே வைக்க மாட்டார் முக்தார் பாஸ், வாயில் வைத்துக்கொள்வார். வாய் நிறைய நட்டு இருக்கும்போதுதான் அவருக்குப் பேச்சும் வரும். கடைசி நட்டு கழல்வதற்குள் ஜப்பான்காரனுக்கு வேலையே தெரியாது என்று தீர்ப்புச் சொல்லி முடித்திருப்பார். பூட்டிய பிறகு ஒன்றிரண்டு மிஞ்சும். "இதெல்லாம் கம்பனிக்காரன் அழகுக்குப் போட்டது" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

இரத்தினபுரியில் ஆற்றோரத் தெருவொன்றில் முச்சக்கர வண்டி திருத்துகிறவர். பாஸ் என்பது இங்கே கைவேலைக்காரருக்குச் சிங்களத்தில் கொடுக்கும் மரியாதை. அதைச் சேர்க்காமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. வெள்ளத்துக்கென்று தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கிய படகின் பழைய மோட்டரைத் தாமாகவே பொறுப்பெடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. படகை ஓட்டுவது அரிசிக்கடை நாகலிங்கம். வெள்ளத்துக்கு வெள்ளம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர் அவர் என்பதால், பாஸைப் பற்றி அவரிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது.

மோட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. ஓடும்போது அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். பம்ப் ஆற்றுநீரை இழுத்து, எஞ்சினைக் குளிரவைத்து வெளியே தள்ளுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பாஸுக்கோ தண்ணீர் வெளியே வந்தால் அது லீக். போன வருடம் பசை வைத்து ஓட்டையை அடைத்துவிட்டு, லீக்கை நிற்பாட்டினேன் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார். அப்புறம் பம்ப் செத்தது. செத்தது ஒருவருக்கும் தெரியவில்லை. நடு ஆற்றில் மோட்டர் புகைந்து நின்றது. கையில் துடுப்பு இருந்ததால் நாகலிங்கம் எப்படியோ தள்ளி மூங்கில் புதரைப் பிடித்தார். இல்லையென்றால் வீட்டில் இந்நேரம் திவசம்.

இந்த வருடம் நீர்கொழும்பிலிருந்து புது பம்ப் வந்தது. பாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"தண்ணிக்குள்ளயே ஈக்கிற மோட்டருக்கு எனத்துக்கு தண்ணிப் பம்ப்?"

என்ன கேள்வி பாருங்கள்! ஆனாலும் மாட்டினார், வழக்கம்போல நட்டும் மிஞ்சியது. பம்ப்தான் புதிது, பசை அப்படியே இருந்தது. நாகலிங்கம் பொறுமையாகத்தான் சொன்னார்: "அந்த ஓட்டைய தொறந்து விடுங்க பாஸ். தண்ணி வெளிய வந்தாத்தானே பம்ப் வேல செய்யுதுன்னு தெரியும்?"

"நான் அடச்சா அடச்சதுதான். அந்த ஹபலையையும் இங்க வெச்சிட்டுப் போங்க. இனி அது தேவல்ல."

ஹபல என்றது துடுப்பை. அதைக் கராஜில் இரண்டு ஆணிக்கு நடுவே மாட்டி, தம்முடைய ஓவரோல் காயப்போடும் கம்பாக்கிக்கொண்டார். மோட்டரும் வெள்ளம் வரும்வரை அதே கராஜில் பூட்டிக் கிடந்தது. நாகலிங்கம், மடையனிடம் வாயைக் கொடுத்தோமே என்று தம்மைத்தாமே திட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

வைகாசி மழையில் களுகங்கை தெருவுக்குள் ஏறியது. பாஸின் மகள் அபீபாவுக்கு நிறைமாதம். அன்று பார்த்து இடுப்புவலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி வெள்ளத்துக்கு அந்தப் பக்கம். மோட்டரை மாட்டிக்கொண்டு நாகலிங்கம் படகைப் பாஸின் வாசலுக்கே விட்டார். மோட்டர் நன்றாகத்தான் உறுமியது. தண்ணீர் எங்கேயும் பீய்ச்சவில்லை. பம்ப் ஓடுகிறதா இல்லையா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பாஸ் குடையோடு படியில் நின்று, ஆறு கடலில் விழும் களுத்துறை வரைக்கும் நிற்காமல் போகும் என்று அக்கம்பக்கத்து மாடிகளுக்கெல்லாம் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மகளைத் தாங்கிப் படகில் உட்கார வைத்தபோதும் அந்த வாய் ஓயவில்லை.

அபீபா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "வாப்பா, இது நடுவுல நிக்காதுதானே?"

பாஸ் குடையை மடக்கினார். முழங்கால் தண்ணீரில் கராஜுக்குள் போய், காய்ந்துகொண்டிருந்த ஓவரோலை உதறித் தள்ளினார். துடுப்பைக் கொண்டுவந்து, நாகலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல், மகளின் காலடியில் பலகைக்கு அடியில் செருகினார்.