பிரசவ அறைக்கு வெளியே சொன்ன பதில்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் நாத்தனாரின் நிச்சயதார்த்தம் நடந்தது. எனக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. மூலக்குளத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"மருமக வரலன்னா சம்பந்தி வீட்ல என்னா நெனப்பாங்க?" என்றார் மாமியார். கிளம்பினேன்.

ஆறாம் மாதத்தில்தான் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கர்ப்பத்தில் சிலருக்கு வருமாம். சாப்பாட்டைக் குறைத்தும் அடங்காததால் இன்சுலின் எழுதிக்கொடுத்தார்கள். தினமும் நானே போட்டுக்கொள்வேன். மாமியாருக்கு அந்த ஊசியைக் கண்டாலே ஆகாது. யாராவது வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜில் இருக்கும் மருந்தைக் கீரைக்கட்டுக்குப் பின்னால் தள்ளிவிடுவார். "எங்க குடும்பத்துல யாருக்கும் இந்தச் சீக்கு கெடையாது" என்று என் காதில் விழும்படி சொல்வார்.

டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார். என் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைச் சமாளிக்க, வயிற்றில் இருக்கும் குழந்தையும் இன்சுலினை அதிகமாகச் சுரக்குமாம். தொப்புள் கொடியை அறுத்ததும் என்னிடமிருந்து போகும் சர்க்கரை நின்றுவிடும், அதன் இன்சுலின் மட்டும் உடனே நிற்காது. அதனால் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். பிறந்ததிலிருந்து அடிக்கடி பார்க்க வேண்டும், டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று சொல்லியிருந்தார்.

ஆனால் தட்டு மாற்றும்போதே எனக்கு வலி வந்துவிட்டது. பனிக்குடமும் உடைந்தது. டவுனுக்குப் போக அவகாசமில்லை. பக்கத்தில் இருந்த சின்ன நர்சிங் ஹோமுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் பதறிப்போய் எங்களோடு காரில் ஏறிக்கொண்டார். என் ஃபைல் மூலக்குளத்தில் இருந்தது. அதை எடுத்துவர என் கணவர் பைக்கில் பறந்தார். நான் வலியில் கத்திக்கொண்டிருந்தேன், என்னை நேராக உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

வெளியே நர்ஸ் மாமியாரிடம் கேட்டிருக்கிறார். "சுகர், பிரஷர் ஏதாவது இருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். நல்லாத்தான் இருக்கா."

பக்கத்தில் புதுச் சம்பந்தியம்மா நின்றிருந்தார்.

ஃபைல் வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். நாலு கிலோவுக்கு மேல். அவ்வளவு பெரிய குழந்தை வந்ததில் எனக்குத் தையல் நிறையப் போட வேண்டியிருந்தது. மயக்கத்திலேயே கிடந்தேன். ஃபைலை என் கணவர் கொண்டுவந்தபோது, "பிரசவந்தான் ஆயிடுச்சே, இனிமே எதுக்கு?" என்று மாமியார் அதைப் பைக்குள் வைத்துவிட்டார். மண்டபத்தில் மிஞ்சியிருந்த லட்டை ஆஸ்பத்திரி முழுக்கக் கொடுத்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குழந்தையின் கன்னத்தைத்தான் பேசினார்கள்.

எனக்குத் தெளிவு வந்தபோது குழந்தையைப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். பாலுக்கு வைத்தேன், அவள் வாயே திறக்கவில்லை. உடம்பு துணிபோலத் துவண்டிருந்தது. கை மட்டும் வெடவெடவென்று நடுங்கியது.

"குளுருது அதுக்கு. நல்லா சுத்தி வை" என்றார் மாமியார்.

சர்க்கரை பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் நர்ஸைக் கூப்பிட்டேன். "சிஸ்டர், பாப்பாவுக்கு சுகர் எவ்வளோ இருக்கு?"

"பாப்பாவுக்கா? அதுக்கு எதுக்கும்மா பாக்கணும்?"

"நான் இன்சுலின் போடறேன் சிஸ்டர்!"

அவர் முகம் மாறிவிட்டது. மாமியார் பக்கம் திரும்பினார். "நீங்க இல்லன்னுதானம்மா சொன்னீங்க?"

மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அதற்குள் என் மகளின் கண்கள் மேலே செருகிக்கொண்டன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். மெஷினில் எண்ணே வரவில்லை, அவ்வளவு குறைந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றியபடியே ஆம்புலன்ஸில் டவுனுக்குக் கொண்டுபோனார்கள். என் கணவரும் அவளோடு போனார். எழுந்து உட்காரக்கூட முடியாமல் நான் அங்கேயே கிடந்தேன்.

சம்பந்தியம்மா மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கே ரொம்ப வருஷமா ஊசிதாம்மா. இன்னைக்குக் காலைல மண்டபத்துல போட்டுக்கிட்டுதான் சாப்பிட உக்காந்தேன். இதுல மறைக்க என்னா இருக்கு?"



மகள் பிழைத்துவிட்டாள். ஆனால் வலிப்புக்கு இன்றைக்கும் மருந்து கொடுக்கிறேன். பார்வையும் சரியாக வரவில்லை. கண்ணைச் சோதித்த டாக்டர்கள், கண்ணில் குறை இல்லை, கண் காட்டுவதைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதிதான் சர்க்கரை இல்லாமல் அடிபட்டுவிட்டது என்றார்கள். முன்பே தெரிந்து உடனே பாலும் குளுக்கோஸும் கொடுத்திருந்தால் அநேகமாக இப்படி ஆகியிருக்காது என்றும் சொன்னார்கள். பெரிய மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனால் மல்லியை வாசனையால் சொல்லிவிடுவாள். கத்தரிக்காயைத் தடவிப் பார்த்துச் சொல்வாள். நான்கடி தள்ளி நிற்கும் என்னை, நான் குரல் கொடுத்தால்தான் கண்டுபிடிக்கிறாள்.

நாத்தனாரின் கல்யாணம் அந்த மாப்பிள்ளையோடேயே நன்றாக நடந்தது. என் கணவரிடம் பேச்செடுத்தால், "அம்மா வேணும்னா செஞ்சாங்க? விடு" என்பார். மாமியாரோ இப்போது அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் வாய்கூசாமல் சொல்கிறார்: "மருமகளுக்கு சுகரு. அதான் புள்ள இப்படிப் பொறந்திருக்கு."

என்னால் விட முடியவில்லை, விட வேண்டும் என்றும் தோன்றவில்லை. தனக்கு ஏன் இப்படி ஆனது என்று மகள் கேட்கும் நாள் வரும்போது, யாருடைய கௌரவத்துக்காக என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.