யோகேஸ்வரியின் ஏழு உயில்கள்

ஜொகூர் மாநிலத்தில் யோகேஸ்வரியைப் போல வேன் ஓட்ட இன்னொரு ஆள் பிறக்கவில்லை. பண்டார் தெங்காராவில் ஏறி உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டால், வாய் மூடும்போது செனாய் தொழிற்சாலை வாசலில் இறங்கிவிடலாம். சரி, கொட்டாவி கொஞ்சம் அதிகம்தான். ஐம்பது நிமிடம் பிடிக்கும். மழை என்றால் ஒரு மணி நேரம். ஆனாலும் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரிகளை முந்திக்கொண்டு, ஒன்பது வருடமாக ஒருநாள்கூட அவள் ஷிப்டுக்குத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை. அது கலப்படமில்லாத உண்மை. வேன் கொண்ட்ராக்டர் தயானந்தனுடையது. ஆனால் அதன் கதவு ஒரே இழுப்பில் மூடுவது அவள் கைக்கு மட்டும்தான்.

அப்படிப்பட்டவள், நாற்பத்தேழு வயதில், ஒரு ஜனவரிக் காலையில், நடுச் செம்பனைத் தோட்டத்துக்குள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாகத் தொடங்கினாள்.

நெஞ்சு தவில் வாசித்தது. விரல்கள் மரத்தன. மூச்சு தொண்டைக்கு மேலே ஏற மாட்டேன் என்றது. முன் சீட்டில் இருந்த அங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கம்மா தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை செய்பவள், அறுபதைத் தாண்டியவள், எதற்கும் அசராதவள்.

"அங்கம்மாக்கா, நான் போறேன். என் வளையல மக லோஷினிகிட்ட குடுத்துருங்க."

"எங்க போற? ஷிப்ட் ஏழு மணிக்கு."

பத்து நிமிடத்தில் யோகேஸ்வரி சாகாமல் எழுந்து உட்கார்ந்தாள். வண்டி போனது. ஆனால் அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி செத்தாள். அப்போது தையல் மெஷினை நாத்தனாருக்கு எழுதிவைத்தாள். மூன்றாவது முறை பின் சீட்டுக்காரிகளுக்குப் பழகிவிட்டது.

"யோகிக்கா, அந்தப் பச்சைச் சேலை யாருக்கு?"

"அலமாக், அது எனக்குலா! போன வாரமே கேட்டுட்டேன்."

"மிக்சி?"

"மிக்சி ரிப்பேர்டி," என்றாள் யோகேஸ்வரி மூச்சு வாங்கிக்கொண்டே. பொய் சொல்லி ஒரு பொருளைத் தள்ளிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

ஏழாவது உயில் முடிந்தபோது வீட்டில் அவளுக்கென்று மிஞ்சியது ஒரு துடைப்பமும் கணவனும்தான். இரண்டையும் யாரும் கேட்கவில்லை.

அதற்குள் அவள் ஏறாத கிளினிக் இல்லை. முதல் கிளினிக்கில் வயிற்றில் காற்று என்று வெள்ளை மருந்து கொடுத்தார்கள். இரண்டாவதில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயம் குதிரை போல இருக்கிறது என்றார்கள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். குதிரைக்கு ஏன் மூச்சு முட்ட வேண்டும்? ஒரு சாமியார் சொன்னாரென்று நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாள். ஸ்பேர் டயர் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று அதற்கும் ஒன்று கட்டிவிட்டாள்.

ஏழு முறை தாமதமானபின் தொழிற்சாலையிலிருந்து தயானந்தனுக்குப் போன் வந்தது. அவர் கெட்டவர் இல்லை.

"யோகி, கொஞ்ச நாளைக்கு விஜயன் ஓட்டட்டும். மூணு மாசம் டைம் தர்றேன். ஜூன் முதல் திங்கக்கிழமை நீங்க வந்து சாவிய வாங்கலன்னா, ரூட் அவனுக்குத்தான். நான் வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க?"

அன்று மாலை யோகேஸ்வரி அழுதாள். ஒன்பது வருடமாக அவள் பெயரே வேன்கார யோகிதான். வேன் போனால் யோகி மட்டும் எதற்கு?

விஜயன் ஓட்டிய மூன்றாம் நாளே பன்னிரண்டு பெண்களுக்கும் இடுப்பு போய்விட்டது. பிரேக் என்றால் அவனுக்குக் கடைசி நிமிடத்துச் சமாசாரம். அங்கம்மா லீவு போட்டுவிட்டு, யோகேஸ்வரியின் கையைப் பிடித்து அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துப்போனாள்.

அங்கே டாக்டர் ஷாமளா, சிறு வயதுப் பெண், ஒரு தாளை எடுத்து வைத்தாள். அதில் ஏழு கேள்விகள்.

"கடைசி ரெண்டு வாரத்துல, கவலைய நிறுத்த முடியாம இருந்துச்சாக்கா?"

"எனக்கென்ன டாக்டர் கவலை? மகளுக்கு வேலை கெடைச்சிருச்சு. ஆனா சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிள்ல போறா, மழை பேஞ்சா வழுக்கும். வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர், சீனிய குறைங்கன்னு சொன்னா கேக்க மாட்டாரு. பக்கத்து வீட்டு மாமரம் நம்ம கூரைப் பக்கமா சாஞ்சிருக்கு. அப்புறம் செனாய் போற வழியில அந்த ஆத்துப் பாலம், தண்ணி ஏறினா..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, கவலையே இல்லன்னு சொல்ல ஆரம்பிச்சு இருபது நிமிஷம் ஆச்சு."

அங்கம்மா சிரித்த சிரிப்பில் வெளியே நம்பர் கூப்பிடுவது கேட்கவில்லை.

"அப்ப எனக்குப் பைத்தியமா?"

"இல்லக்கா. இதுக்குப் பேரு பதற்ற நோய். எங்ஸைட்டி. பேக்டரில பயர் அலாரம் இருக்குல்ல? நெருப்பு வந்தா அடிக்கணும். உங்களுக்கு யாரோ ரொட்டிய கருக்கினாலே அடிக்குது."

"எங்க கேன்டீன்ல மாசம் ஒரு தடவ அடிக்கும்," என்றாள் அங்கம்மா.

ரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, டாக்டர் ஒரு கேப்சூல் எழுதிக்கொடுத்தாள். வேலை செய்ய ஒரு மாதமாவது ஆகும், தானாக நிறுத்தக் கூடாது, இப்போதைக்கு ஆட்களை ஏற்றி ஓட்ட வேண்டாம் என்றாள். கூடவே வாசுகி என்ற ஆலோசகரிடமும் அனுப்பினாள். வாசுகி சொன்னது ஒன்றுதான்: "மேல ஏறுற பயம் தானா எறங்கும்மா. நீங்க ஒவ்வொரு தடவையும் வண்டிய நிறுத்திட்டு, நிறுத்தினதாலதான் பொழைச்சோம்னு நெனைச்சுக்கிட்டீங்க."

நாலு எண்ணி மூச்சை இழுக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். மருந்து கொஞ்சம் பிடித்து, டாக்டர் சரியென்று சொன்ன பிறகு, ஞாயிறு காலைகளில் சாலை காலியாக இருக்கும்போது சொந்தக் காரில் பயிற்சி. முதல் வாரம் பெட்ரோல் நிலையம் வரை. அடுத்து மசூதி வரை. பிறகு செடி விற்கும் நர்சரி. அங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து கச்சாங் கடலை கொறித்துக்கொண்டு, "பயம் வந்துருச்சா? சரி, வரட்டும். இந்தா, உனக்கும் கொஞ்சம்," என்பாள். மே மாதம் பாலத்தைத் தொட்டார்கள். யோகேஸ்வரி பாலத்தின் மேல் ஹாரன் அடித்து, ஒரு உடும்பை ஆற்றில் குதிக்க வைத்தாள்.

அப்போதுதான் திருவிழா வந்தது. குணமானால் பால்குடம் எடுப்பதாக மாரியம்மனிடம் அவள் வேண்டியிருந்தாள். இருபத்தொரு நாள் சுத்த சைவம். முதல் நாளே கோயிலில் ராசம்மா காதோரம் வந்தாள். ராசம்மாவுக்குத் தெரியாத மருந்து கிடையாது.

"நீ முழுங்குறியே அந்தக் கேப்சூல் கூடு, அது மாட்டு எலும்புல செய்யறது, தெரியுமா?"

விரதத்தில் மாட்டு எலும்பா? யோகேஸ்வரி யாரிடமும் சொல்லாமல் கேப்சூலை நிறுத்தினாள். நாலாம் நாள் தலைக்குள் யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். தரை படகாக ஆடியது. அந்த ஞாயிறு பெட்ரோல் நிலையத்தைக்கூடத் தாண்ட முடியாமல் திரும்பினாள். ஜூனுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

பார்க்க வந்த அங்கம்மா, விளக்கேற்றலாமென்று சாமி படத்தை நகர்த்தினாள். பின்னால் ஐந்து கேப்சூல்கள் வரிசையாக நின்றன.

"அடிப்பாவி, மருந்த ஆத்தாவுக்கா குடுத்த? ஆத்தாவுக்கு என்னடி பதட்டம்?"

காரணத்தைக் கேட்டதும் அவள் திட்டவில்லை. மறுநாளே கிளினிக் மருந்து கவுண்டரில் நிறுத்தி, "கேளு" என்று ஒரு இடி இடித்தாள். யோகேஸ்வரி கூச்சத்தோடு மலாயில் கேட்டாள். முக்காடு போட்ட மலாய்ப் பெண் கொஞ்சமும் சிரிக்கவில்லை. கூடு எதில் செய்தது என்று தன்னிடம் தினமும் பத்துப் பேர் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான் என்றாள். டப்பாவைத் திருப்பிப் படித்தாள். டாக்டருக்குப் போன் போட்டாள். அதே மருந்து கூடு இல்லாத வில்லையாகவும் இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் யோகேஸ்வரி.

"இவ்வளவுதான். அடுத்த தடவ நிறுத்தறதுக்கு முன்னாடி கேளுங்கக்கா," என்றாள் போனில் டாக்டர் ஷாமளா. தலைசுற்றல் அடங்கும்வரை காரைத் தொடக் கூடாது என்றும் சொன்னாள்.

தலைசுற்றல் நின்றதும், ஞாயிறு வரை காத்திராமல் தினமும் விடியற்காலையில் காரை எடுத்தாள். மறுபடி பெட்ரோல் நிலையம், மசூதி, நர்சரி, பாலம். பால்குடமும் எடுத்த பிறகு, கடைசி வாரத்தில் செனாய் வரை போய்த் திரும்பினாள். டாக்டர் ஆட்களை ஏற்றலாமென்று கடிதம் கொடுத்தாள். ஜூன் முதல் திங்கட்கிழமை இருட்டு விலகுமுன் தயானந்தன் வீட்டு வாசலில் நின்று சாவியை வாங்கினாள். விஜயன் கொட்டாவி விட்டபடி சைக்கிளில் போனான்.

அந்தப் பயணம் எப்படி இருந்தது என்று அடுத்த சந்திப்பில் டாக்டர் கேட்டாள். யோகேஸ்வரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பயமா? பக்கத்துலயே வரல டாக்டர். எங்கயும் நிறுத்தல. பறந்துச்சு வண்டி. லாரிக்காரனெல்லாம் ஒதுங்கி சலாம் போட்டான்."

டாக்டர் அங்கம்மாவைப் பார்த்தாள்.

"பொய் டாக்டர்," என்றாள் அங்கம்மா. "பயம் வந்துச்சு. நர்சரி தாண்டினதும் மூஞ்சி வெளுத்துப் போச்சு, உதடு முணுமுணுன்னு எண்ணுச்சு. பின்னால ஒருத்தியும் பேசல. நாலுக்கு உள்ள, ஆறுக்கு வெளிய. வண்டி பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு, அப்புறம் அது தானா எறங்கிருச்சு. நிறுத்தினது பாலத்துக்கு அந்தாண்ட. அதுவும் எனக்கு ஒண்ணுக்கு வந்ததால."