சம்பத்தின் இடது கால்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்த சம்பத்துக்கு முதலில் கெண்டைக்காலில்தான் வலி கண்டது. நடந்தால் பிடிக்கும்; நின்றால் விடும். வேலைக்குப் போகும் வழியில் அங்கங்கே நிற்பான், நின்ற இடத்தில் ஒரு பீடி பற்றவைப்பான். சுண்ணாம்புத் தண்ணீர்தான் காலைத் தின்கிறது என்று அவனும் நினைத்தான், அவன் மனைவி அமிர்தவள்ளியும் நினைத்தாள். எண்பத்தொன்றாம் வருஷம் இடது கால் கட்டைவிரல் கறுத்துப் புண்ணான பிறகுதான் வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் ஜெயகரன் புறங்காலை அழுத்திப் பார்த்தார்.

"இங்க துடிப்பே இல்லியே. பீடி குடிப்பியா?"

சம்பத் மனைவியைப் பார்த்தான். வீட்டில் பீடி சுற்றுவதுதான் அவள் பிழைப்பு.

"நான் சுத்துறதைத்தான் சார் எடுத்துக் குடிக்குது" என்றாள் அமிர்தவள்ளி. அவள் தலை நிமிரவில்லை.

பீடிப் புகையால் ரத்தக்குழாய் அடைத்துப்போகிறது என்று டாக்டர் விளக்கினார். "இதுக்குப் புதுசா ஒரு மருந்து வந்திருக்குது. சில பேருக்கு அதை ஏத்துறோம், சில பேருக்கு ஆபரேஷன் பண்றோம். எது நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதான் ஆராய்ச்சி. எதுவானாலும் பீடியை விட்டாகணும்."

யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். சம்பத்துக்கு மருந்து வந்தது. சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பீடியை அவன் தொடவில்லை. புண் மெல்ல ஆறிற்று. மகள் கோமளாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, எங்கும் நிற்காமல் ரயிலடி வரைக்கும் நடந்து போய்வந்தான். புகையிலை வாசனை அவன் மூக்கில் படக்கூடாது என்று அமிர்தவள்ளி முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் போய்ச் சுற்றினாள்.

மறுவருஷம் மழைக்காலத்தில் தெருவில் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கோமளாவுக்கும் வந்தது. எல்லோரையும் போலக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் தேறிக்கொண்டார்கள். கோமளா பிதற்றினாள், அம்மாவையே அடையாளம் தெரியாமல் விழித்தாள். அவளை அள்ளிக்கொண்டு வேலூருக்கு ஓடினார்கள்.

குழந்தைகள் வார்டில் நர்ஸ் தேவகிருபை ரத்தம் எடுத்தாள். இன்னொரு சின்னக் குழாயையும் கையில் வைத்திருந்தாள்.

"இது ஆராய்ச்சிக்கும்மா. பசங்களுக்கு எந்தக் கிருமியால காமாலை வருதுன்னு பாக்குறாங்க. நீ வேணாம்னா எடுக்கல."

"அதைப் பாத்தா எம் பொண்ணு பொழைச்சுக்குவாளா சிஸ்டர்?"

தேவகிருபை பொய் சொல்லவில்லை. "இவளுக்கு உதவாதும்மா. பின்னாடி வர்ற பசங்களுக்கு உதவலாம்."

அமிர்தவள்ளியே குழந்தையின் கையை நீட்டிப் பிடித்தாள். "எடுத்துக்குங்க."

மறுநாள் மத்தியானம் கோமளா போய்விட்டாள்.

அடக்கம் செய்துவிட்டு வந்த சம்பத், நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய் முறத்திலிருந்து ஒரு கைப்பிடி பீடியை அள்ளினான். அமிர்தவள்ளி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிடுங்கி எறிய அவளுக்குக் கை வரவில்லை. கோடைக்குள் அவன் இடது கால் விரல்கள் எல்லாம் கறுத்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

டாக்டர் ஜெயகரன் கட்டிலருகே வந்து நின்றார். "மருந்து உனக்குக் கேக்கலியே சம்பத்."

"அப்டி எழுதிடாதீங்க சார். மருந்து நல்லாத்தான் கேட்டுச்சு. பொண்ணு போனப்புறம் நான்தான் மறுபடி குடிச்சுக் கெடுத்துக்கினேன். அதையும் சேத்து எழுதுங்க. கேக்காத மருந்துன்னு வேற ஒருத்தனுக்குக் குடுக்காம வுட்டுடப் போறீங்க."

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அமிர்தவள்ளி பீடி இலையைத் தொடவில்லை. ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் சோறு வடிப்பது சம்பத் என்றாயிற்று. காலைக் காட்டுவதற்கு அவ்வப்போது இருவரும் வேலூருக்குப் போவார்கள். குழந்தைகள் வார்டு வழியாகப் போனால் கிட்டம். கட்டை ஊன்றி நடக்கிறவனுக்கு அது எவ்வளவோ சௌகரியம். ஆனாலும் இருவரும் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.